கடலடியில் இருந்து வந்தவர் அன்றே விமானம் ஏறலாமா?

"குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் செய்த அன்றே விமானம் ஏறக் கூடாது என்கிறார்களே, கடலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் நைட்ரஜன்.

பள்ளியில் படித்ததுதான்: கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முதுகில் சுமக்கும் சிலிண்டரும் அதே அழுத்தத்தில் காற்றைத் தரும். இல்லாவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சே இழுக்க முடியாது. அழுத்தம் கூடக் கூட, வாயு திரவத்தில் அதிகமாகக் கரையும். ஆக்சிஜனை உடல் செலவழித்துவிடுகிறது. காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனுக்கோ உடலுக்குள் வேலையில்லை. ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து உட்கார்ந்துவிடுகிறது.

அவசரமாக மேலே வந்தால் நடப்பது, கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் நடப்பதுதான். 1670இல் ராபர்ட் பாயில், காற்று அகற்றப்பட்ட கலத்துக்குள் இருந்த ஒரு விரியன் பாம்பின் கண்ணில் சிறு குமிழி ஒன்று இங்கும் அங்கும் நகர்வதைப் பார்த்து எழுதி வைத்தார். அதே குமிழி மனிதருக்கு மூட்டில் வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கைகால் செயலிழப்பு.

அப்படியானால் எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும்? என் மனத்தைக் கொள்ளைகொண்ட பகுதி இதுதான். பிரிட்டிஷ் கடற்படைக்காக உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் இதை ஆராய்ந்து 1908இல் வெளியிட்டார். சுமார் 12 மீட்டர் ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும், நேராக மேலே வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் கவனித்தார். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே கணக்கில் எடுக்கவேண்டியது எத்தனை மீட்டர் ஏறினோம் என்பதை அல்ல, அழுத்தம் எத்தனை பங்காகக் குறைந்தது என்பதை. ஆறு மூன்றானாலும் பாதி, இரண்டு ஒன்றானாலும் பாதி. ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து முப்பது மீட்டர் ஏறுவதும், நீர்மட்டத்துக்குக் கீழே கடைசிப் பத்து மீட்டர் ஏறுவதும் உடலுக்கு ஒரே அளவு மாற்றம்!

இதை அவர் ஆடுகளை வைத்துச் சோதித்தார். இரும்பு அறைக்குள் அழுத்தம் ஏற்றி இறக்கியபின், வலி கண்ட ஆடு ஒரு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். வாய் திறந்து சொல்லத் தெரியாத பிராணி, காலைத் தூக்கிச் சொல்லியது. அழுத்தம் பாதியாகக் குறையும்வரை ஏறலாம் என்ற அந்த விகிதம் பின்னால் திருத்தப்பட்டது. ஆனாலும் இன்று மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் டைவிங் கணினிகள் பலவற்றின் கணக்கும் அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான்.

ஹால்டேன் இன்னொன்றும் சொன்னார்: எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை விடுவதில்லை. கொடியில் வேட்டியும் ஜமக்காளமும் சேர்ந்து காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தமும் மூளையும் வேட்டி, சீக்கிரம் உலர்ந்துவிடும். கொழுப்பும் மூட்டுகளும் ஜமக்காளம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் மிச்சம்.

ஹேவ்லாக்கில் நான் பதினெட்டு மீட்டர் இறங்கி ஏறியபோது, ஐந்து மீட்டரில் பயிற்சியாளர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி மூன்று விரல்களை நீட்டினார்: மூன்று நிமிடம் இங்கேயே நில். நான் விட்ட மூச்சுக்குமிழிகள் தலைக்குமேல் ஏற ஏறப் பருத்து, கவிழ்த்த கிண்ணம்போலத் தட்டையாகிப் போயின. அழுத்தம் குறைந்தால் வாயு என்ன செய்யும் என்பதைக் கண்முன்னே காட்டிக்கொண்டு போயின.

இப்போது விமானத்துக்கு வருவோம். பறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறக்குறைய 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையலாம். அதாவது கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. ஈரம் காயாத ஜமக்காளத்துக்கு அது இன்னொரு 'மேலேறுதல்'. அதனால்தான் ஒரே ஒருமுறை முங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை முங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் பொறுக்கவேண்டும் என்கிறார்கள். மலைப்பாதைக்கும் இதே கதைதான்: காலையில் திருகோணமலையில் டைவிங், மாலையில் நுவரெலியா என்று திட்டம் போடாதீர்கள்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்லவேண்டும். தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரஸர் குழாயில் மூச்சுவிட்டுச் சங்கு குளிக்கும் தொழிலாளர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவர்கள் கையில் கணினி இல்லை. கால் மரத்துப்போன ஒருவரை 'காற்றுக் கருப்பு' என்று மந்திரிக்க அழைத்துப்போனால், உடனே ஆக்சிஜன் கொடுத்து உயரழுத்தச் சிகிச்சை அறைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய மணித்துளிகள் பறிபோகின்றன. அப்படிப்பட்ட அறைகள் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் அமையவும், அவர்கள் உடலை ஆராயவும் அரசு பணம் ஒதுக்கவேண்டும். பொழுதுபோக்குக்காக இறங்கும் எங்களைவிட அது அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

திருச்சி வாசகிக்கு: டைவிங்கைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளை ராதாநகர் கடற்கரையில் நடப்பதற்கோ, அலையாத்திக் காட்டுக்குள் கயாக் படகு ஓட்டுவதற்கோ விடுங்கள். முகமூடி மாட்டிக்கொண்டு நீர்மட்டத்திலேயே மிதந்து பவளப்பாறை பார்ப்பதென்றால், கரையேறிய கையோடு விமானம் பிடிக்கலாம். நீங்கள் மூச்சாக இழுத்தது அழுத்தம் கூடாத சாதாரணக் காற்றுதான்.