பைக் இன்ஜின் பூட்டிய கார் வளைவில் மட்டும் ஏன் அணைகிறது?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்கள் பெரும்பாலும் பைக் இன்ஜினைத்தான் எடுக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் 710 சிசிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கேடிஎம் 390-இன் 373 சிசி இன்ஜின் பல அணிகளின் தேர்வு. இப்படிக் கட்டுபவர்கள் கேட்கும் கேள்வி இது: நேராக ஓடும்போது ஒரு குறையும் இல்லை, வளைவில் வேகம் கூட்டினால் பட்டென்று அணைகிறது. பெட்ரோல் டேங்க்கில் தடுப்புத் தகடு வைத்தும் தீரவில்லை, ஏன்?

முதலில் அணையும் விதத்தைப் பாருங்கள். பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுத்தால் இன்ஜின் திக்கும், இருமும், நேரானதும் தானே தேறிவிடும். ஒரே வெட்டாக அணைந்து, சாவியை மூடித் திறக்கும் வரை ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிப்-ஓவர் சென்சாரை.

பைக் கீழே விழுந்தால் பம்ப்பையும் தீப்பொறியையும் நிறுத்தச் சொல்லி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவுக்குத் தகவல் தருவது அதன் வேலை. பல மாடல்களில் உள்ளே இருப்பது ஒரு சிறு ஊசல். அப்படியானால் பந்தயத்தில் முழங்கால் தரையில் உரசும் அளவு சாய்ந்தும் பைக் ஏன் அணைவதில்லை? இந்த இடம்தான் அழகு. ஊசலுக்குத் தரை எது, வானம் எது என்று தெரியாது. புவியீர்ப்பும் மையவிலக்கு விசையும் சேர்ந்து இழுக்கும் திசையில் தொங்க மட்டுமே தெரியும். வளைவில் சமநிலையோடு ஓடும் பைக்கும் ஏறக்குறைய அதே திசைக்குத்தான் சாய்கிறது. ஆகவே 45 டிகிரி சாய்ந்தாலும், பைக்கைப் பொறுத்தவரை ஊசல் நட்டநடுவில் நிற்கிறது. பைக் தரையில் கிடந்தால்தான் அது ஓரத்துக்குப் போகும்.

கார் சாய்வதில்லை. 1 ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவிசையில் வளைந்தால் ஊசல் 45 டிகிரி விலகும். நல்ல ரேஸ் டயரில் 1.5 ஜி கிடைத்தால் 56 டிகிரி. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600 போன்றவற்றில் வெட்டும் எல்லை 65 டிகிரி. தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் அதே வளைவில் ஒரு மேடு காரைக் குலுக்கினால் ஊசல் நொடிப்பொழுது அந்த எல்லையைத் தாண்டி வீசப்படலாம். சென்சாரின் கணக்கில் வண்டி விழுந்துவிட்டது. அதைப் படுக்கவைத்துப் பூட்டியிருந்தால் இவ்வளவு தூரம்கூட வராது, ஸ்டார்ட்டே ஆகாது.

தீர்வு, சென்சாருக்குப் பதிலாக "நிமிர்ந்து நிற்கிறேன்" என்னும் மின்னழுத்தத்தை ஈசியுவுக்கு நிலையாகக் கொடுப்பது. அந்தச் சுசுகியில் நிமிர்ந்த நிலையில் 0.4 முதல் 1.4 வோல்ட், விழுந்தால் 3.7 முதல் 4.4. ஈசியு தரும் 5 வோல்ட் ஒயருக்கும் சிக்னல் ஒயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம், சிக்னலுக்கும் சென்சார் எர்த்துக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 0.88 வோல்ட் கிடைக்கும். எல்லா பைக்கிலும் இதே எண்கள் இருக்காது. உங்கள் சென்சாரை நிமிர்த்தியும் கவிழ்த்தும் மல்டிமீட்டரில் அளந்த பிறகே ரெசிஸ்டர் மதிப்பை முடிவு செய்யுங்கள். இப்படிச் செய்யும்போது ஒரு பாதுகாப்பு போகிறது. அதற்கு ஈடாக, மோதலில் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றைப் பம்ப் ரிலேயின் (பம்ப்புக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்ச்) காயில் ஒயரில் கட்டாயம் சேருங்கள்.

மற்றவை எளிது. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஸ்டாண்டை மடக்கிய நிலையில் என்ன காட்டுகிறதோ அதையே நிரந்தரமாகக் கொடுத்தால் போதும். கிளட்ச் சுவிட்சை மட்டும் நீக்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொட்டால் கார் முன்னே நிற்பவர் மேல் பாயும். பெடலில் ஒரு மைக்ரோசுவிட்ச் வையுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) உள்ள பைக் என்றால் இன்ஜின், ஈசியு, சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள்.

பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேஸிஸுக்குப் போனால் மட்டும் போதாது, இன்ஜின் பிளாக்குக்கு நேராகப் போக வேண்டும். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது வழியில் 0.005 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட் விழும். அந்த வழியையே சென்சார் எர்த்தாகவும் பயன்படுத்தினால் 5 வோல்ட் சென்சாரில் பத்து சதவீதப் பிழை. ஒயர்களை நீட்டும்போது, அதிரும் இடத்தில் சால்டர் வேண்டாம்; ஈயம் ஊறிய இடத்தின் விளிம்பில் ஒயர் முறியும். உலோக முனையை ஒயர் மேல் அழுத்திக் கவ்வவைக்கும் கிரிம்ப் செய்யுங்கள். இன்ஜினுக்கும் டயருக்கும் பணம் ஒதுக்கும் கல்லூரிகள் ஒரு நல்ல கிரிம்பிங் கருவிக்குக் கணக்குப் பார்ப்பது சரியல்ல. பந்தயத்தன்று காரை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு கனெக்டர் பின்தான்.