கடல் நத்தையின் பெயர் அதன் உச்சியில்

மலையகப் பாறைகளில் கடல் நத்தை ஓட்டைத் தேடிப் பயனில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் பழைய கடல் உயிர்களின் தடயம் உண்டு. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நம் காலடியில் இருப்பதோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை. எனவே இங்கே ஒரு வீட்டு ஷோகேஸில் கடல் நத்தை ஓடு இருந்தால், அது யாரோ கொண்டு வந்ததுதான். திருகோணமலைக்குப் போய் வந்த மாமாவாக இருக்கலாம், மீன்பிடிப் படகில் வேலை செய்த சொந்தக்காரராக இருக்கலாம். எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற விவரம் வழியிலேயே தொலைந்திருக்கும்.

அந்த ஓடு வெள்ளையாக, கூம்பாக, மேலிருந்து கீழாக விலா விலாவாக இருந்து, வாய் வட்டமாகவும் அதன் விளிம்பு தடிப்பாகவும் இருந்தால், அது பெரும்பாலும் வென்டில்ட்ராப் நத்தை. எபிட்டோனியிடே குடும்பம். குடும்பம்வரை வருவது சுலபம், இனத்தைச் சொல்வதுதான் கஷ்டம்.

அந்த விலாக்கள் வெறும் அலங்காரம் இல்லை. நத்தை ஓடு வாய் விளிம்பில்தான் வளரும். வென்டில்ட்ராப் கொஞ்சம் வளர்ந்து நிற்கும். நிற்கும்போது விளிம்பைத் தடிப்பாக்கி வெளியே விரிக்கும். அப்புறம் மறுபடி வளரும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் பழைய வெட்டுகள் முடிச்சாக நிற்பதுபோல, பழைய வாய்கள் விலாவாக நிற்கின்றன. எபிட்டோனியம் ஸ்கலாரே என்ற இனத்தில் சுருள்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. விலாக்கள்தான் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இதற்குப் பெரும் விலை கொடுத்தார்கள். அரிசிமாவில் போலி செய்து விற்றார்கள் என்றுகூட ஒரு கதை உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆழ்கடல் இனங்களில் இப்படிப் பார்த்தவுடன் பிடிபடும் அடையாளம் அரிது. பெரும்பாலானவை சிறியவை, வெள்ளை. கடைசிச் சுருளில் எத்தனை விலா, அவை மெல்லிய தகடா உருண்ட தடிப்பா, இடையில் நூல்போன்ற குறுக்குக் கோடுகள் உண்டா, அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு வரம்பு ஓடுகிறதா என்றெல்லாம் கைவில்லையில் பார்க்க வேண்டும். விலா எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. ஒரே இனத்துக்குள்ளேயே அது கூடும், குறையும். சிர்சோட்ரெமா போன்ற சிலவற்றின் மேற்பரப்பில் சுண்ணாம்பு பூசியதுபோன்ற ஒரு படலமும் அதில் நுண்ணிய குழிகளும் இருக்கும். ஓட்டைப் பளபளப்பாக்கத் தேசிக்காய்ப் புளி தேய்த்தால் முதலில் போவது இந்த அடையாளம்தான். ஓடு கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டால் கரையும்.

நிபுணர்கள் நேராகப் போவது உச்சிக்கு. ஒரு மில்லிமீற்றர் அளவுக்குள் அடங்கிவிடும் அந்த நுனிதான் நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டிய ஓடு. குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வந்த இளம் பருவம், நீந்தித் திரிந்து நுண்ணுயிர்களைத் தின்று வளர்ந்திருந்தால், நுனி ஒடுக்கமாக, பல சிறு சுருள்களோடு இருக்கும். தாய் முட்டைக்குள் வைத்த உணவான கருவூணையே நம்பி வளர்ந்திருந்தால், ஓரிரு சுருளோடு மொட்டையாக, பருமனாக இருக்கும். குஞ்சு ஓடு முடிந்து பெரிய ஓடு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். விலாக்கள் அச்சு அசலாக ஒத்திருந்தும் நுனி இப்படி வேறுபட்டால், அவை இரண்டு இனங்கள் என்றே பெரும்பாலும் முடிவெடுப்பார்கள். இலத்திரன் நுணுக்குக்காட்டி தேவைப்படுவதும் இங்கேதான். இலங்கையில் மட்டுமே வாழும் நம் ஈரவலயக் காடுகளின் அக்காவஸ் மர நத்தைக்கு நீந்தும் பருவமே கிடையாது. பெரிய முட்டையிலிருந்து குட்டி நத்தையாகவே வெளியே வரும். அதன் செத்த ஓடு கிடைத்தால் உச்சியைப் பாருங்கள்: அகலமாக, மழுங்கலாக இருக்கும்.

ஆழம் என்பது இன்னொரு பொறி. திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. ஆழமற்ற இடத்தில் செத்த நத்தையின் ஓடு சரிவில் உருண்டு கீழே போகலாம். காலி ஓட்டுக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டு அதைச் சுமந்துகொண்டு எங்கேயும் போகலாம். ஆழத்தில் கிடைத்தது எல்லாம் ஆழத்தில் வாழ்ந்தது ஆகாது. உயிரோடு கிடைத்தால் நிலைமையே வேறு. ஓட்டின் வாயை அடைக்கும் மூடி, நாக்குப் பற்கள், எந்தக் கடல் அனிமனியையோ பவளத்தையோ தின்றுகொண்டிருந்தது என்ற தடயம், டிஎன்ஏ எல்லாம் கைக்கு வரும். டிஎன்ஏ தந்த பெரிய ஆச்சரியம் ஜாந்தினா. குமிழ்த் தெப்பம் கட்டிக் கடல்மேல் மிதக்கும், விலாவே இல்லாத அந்த ஊதா நத்தையும் இதே குடும்பம்தான்.

காலியான ஓடு மட்டும் இருந்தால், அதை அந்த இனத்தை முதலில் விவரித்தவர் பயன்படுத்திய மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். பல இனங்களுக்கு அந்த மாதிரியே தேய்ந்த, நுனி உடைந்த ஒரே ஒரு ஓடுதான். அப்போது எபிட்டோனியம் போன்ற முதற்பெயரான சாதிப் பெயரை மட்டும் எழுதி, இனப் பெயரை வெறுமையாக விடுவது தப்பே இல்லை. ஊகித்து ஒரு பெயரை ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். நிபுணருக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் வாய்ப்பக்கம், முதுகுப்பக்கம், நேர் மேலிருந்து உச்சி என மூன்று படங்கள் வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். பின்னால் கறுப்புத் துணி விரியுங்கள். வெள்ளைக் கடதாசியில் வைத்தால் விலாக்கள் படத்தில் சரியாக விழாது.