கதைப்பின்னலில் விடுபட்டுப்போகும் பருவம்

பாளையங்கோட்டையில் கைப்பிரதிகளைச் செப்பனிடும் பணியில் இருப்பதால், தாமிரபரணிக் கரையூர்களிலிருந்து புதிதாக எழுத வருவோரின் கதைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மொழியிலும் மனிதர்களைக் கண்முன் நிறுத்துவதிலும் அவர்களிடம் குறை காண்பது அரிது. நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றனவே தவிர, ஒன்றினால் மற்றொன்று விளைவதில்லை என்பதே பெரும்பாலும் நான் காணும் குறை.

பயிற்சி வகுப்புகளில் ஜெர்மானியரான குஸ்டாவ் பிரைடாக் 1863-இல் நாடகத்துக்கு வகுத்த ஐந்து பகுதிகளைச் சொல்லித்தருகிறார்கள். அது பயனுள்ளதே. ஆயினும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களை, பயிரின் பருவங்களாக விளக்கியிருக்கிறார். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். கருக்கொண்டு உள்ளே முற்றுவது கருப்பம். கதிர் விளைந்து சாய்வது விளைவு. அறுத்துக் கொண்டுபோய் உண்பது துய்த்தல். கார், பிசானம் என்ற இரு நெல் சாகுபடிகளையும் கண்ட நம் பகுதியினருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

விடுபட்டுப்போவது கருப்பம்தான். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண், மகளைக் கல்லூரியில் சேர்க்க வட்டிக்குக் கடன் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பக்கத்திலேயே கடன் கொடுத்தவர் வாசலில் நின்று சத்தம் போட, அதற்கடுத்த பக்கத்தில் மகள் படிப்பை நிறுத்தினால், வாசகர் ஒரு செய்தியை அறிந்துகொள்வாரே அன்றி அவளுக்காகப் பதைக்க மாட்டார். வட்டி கட்டுவதற்காக, தங்கை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த சங்கிலியை அவளுக்குத் தெரியாமல் அடகு வைக்கிறாள் என்றால் நிலைமை மாறுகிறது. இனி வரும் துன்பம் அவள் எடுத்த முடிவிலிருந்தே வளரும். தங்கை வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாசகருக்கு நெஞ்சு பதறும். எதிர்பாராதவையாகவும், அதே வேளையில் ஒன்றினால் ஒன்று விளைந்தவையாகவும் நிகழ்ச்சிகள் அமையும்போதே அச்சமும் இரக்கமும் மிகும் என்று அரிஸ்டாட்டில் சொன்னது இதைத்தான்.

நான்குவழிச் சாலையில் லாரி மோதி யாரோ இறப்பதால் சிக்கல் தீரும் கதைகளும் நிறைய வருகின்றன. தற்செயல் ஒரு சிக்கலைத் தொடங்கிவைக்கலாம். அதை முடித்துவைக்க அனுமதிக்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. சிக்கல் தீர்ந்தபின் வரும் துய்த்தலைச் சிறுகதையில் சில வரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு காட்சியையும் நீக்கிவிட்டு வாசித்துப் பாருங்கள். அடகுக் காட்சியை எடுத்தால் மேற்சொன்ன கதை நிற்காது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை இரண்டு பக்கங்களுக்கு வருணித்திருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை எடுத்துவிடலாம். தேர் பார்க்கப் போட்டுக்கொண்டு போவதற்காகத் தங்கை அந்தச் சங்கிலியைக் கேட்டு வருகிறாள் என்று அமைத்தால் மட்டுமே அது கதைக்குள் இருக்கலாம்.