“மிக்ஸிங்ல பாத்துக்கலாம்ணா”

“அண்ணா, ரூம் சத்தம் லேசா இருக்கும். மிக்ஸிங்ல பாத்துக்கலாம்ல?”

இந்த வரியோடு வரும் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே அந்த அறை எனக்குத் தெரிந்துவிடும். பத்துக்குப் பத்து படுக்கையறை, டைல்ஸ் தரை, ஓரத்தில் இரும்பு பீரோ, மேசையில் லேப்டாப், கிட்டார் ஓட்டைக்கு நேர் எதிரே சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் ஒரு கண்டன்சர் மைக். நான் சென்னையில் மிக்ஸிங் இன்ஜினியர், தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் சமன் செய்து ஒரே பாட்டாகச் சேர்ப்பவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, ஒற்றைக் கிட்டாரோடு பாடுகிறவர்கள். பாட்டு சரியில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. கிட்டார் ட்ராக்கைத்தான் திருப்பி அனுப்புகிறேன், மாதத்துக்கு இரண்டு மூன்றாவது.

மிக்ஸிங்கில் நிறையச் செய்யலாம், இல்லை என்று சொல்லவில்லை. குரல் கொஞ்சம் சுருதி விலகினால் பிடித்து உட்கார வைக்கலாம். சத்தம் ஏறி இறங்குவதைச் சமன் செய்யலாம். ஆனால் கிட்டாரின் நாதத்தோடு சேர்ந்தே பதிவாகிவிட்ட அறையைத் தனியாகப் பிரித்தெடுப்பது, சாம்பாரில் கரைந்த உப்பை எடுக்கிற கதை. எதிரொலியை நீக்கும் சாஃப்ட்வேர்கள் இப்போது வந்துவிட்டன. குரலில் ஓரளவு வேலை செய்கின்றன. விரலால் மீட்டிய கிட்டாரில் போட்டால் கம்பி பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. நான் அதைக் கடைசி வழியாகத்தான் தொடுவேன்.

ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் விஷயம் புரியும். நல்ல குரல், அதைவிட நல்ல வரிகள். கிட்டாரில் ஏ மைனர் என்ற கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) வரும்போதெல்லாம் கீழ்ச் சத்தம், அதாவது கனத்த தொனி, ‘தும்’ என்று வீங்கியது. மற்ற கார்டுகள் ஒழுங்காக இருந்தன. மைக் மட்டம் என்று நினைத்து அதைவிட விலை கூடியதை வாங்கி, திரும்பப் பதிவு செய்து அனுப்பினான். அதே ‘தும்’. போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ரூம் எவ்வளவுப்பா?”

“பத்துக்குப் பத்துண்ணா.”

“எங்க உக்காந்து வாசிக்கிற?”

“நட்ட நடுவுலதான்.”

கணக்கு இதுதான். ஒலி நம் ஊர்ச் சூட்டில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். பத்தடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் முதல் அலை 57 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 57 அதிர்வு) பக்கம் வரும், இரண்டாவது 113 பக்கம். கிட்டாரின் ஐந்தாவது கம்பியான ஏ 110 ஹெர்ட்ஸ். அந்த இரண்டாவது அலை மிகப் பலமாக நிற்கும் இடங்களில் ஒன்று அறையின் சரிநடு. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் அந்த வீக்கம் இரண்டு பங்கு. இது போதாதென்று, பெரிய உடம்பு கொண்ட அக்கூஸ்டிக் கிட்டாரின் உள்ளே இருக்கும் காற்றும் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிரும். அந்தக் காற்று வெளியே வரும் வாசல், ஓட்டை. மைக்கை வைத்திருந்தது அங்கேதான். விலை கூடிய மைக் அந்த வீக்கத்தை இன்னும் தெளிவாகப் பதிந்து கொடுத்தது, அவ்வளவுதான்.

புதிதாக எதையும் வாங்க வேண்டாம் என்றேன். நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தி ஒரு சுவருக்கு இரண்டரை, மூன்றடி முன்னால் போடச் சொன்னேன். அந்தச் சுவரில் வீட்டிலிருக்கும் இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து நிறுத்தச் சொன்னேன். மைக்கை ஓட்டையிலிருந்து எடுத்து, கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்த்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எதிரே ஒரு சாண், ஒன்றேகால் சாண் தள்ளி வைக்கச் சொன்னேன். அன்று இரவே அனுப்பிவிட்டான். ‘தும்’ போயிருந்தது. பதிலுக்குக் கொஞ்சம் கம்பிக் கீச்சு வந்திருந்தது. அது பரவாயில்லை, அது விரல் சத்தம்.

மெத்தை எங்கே என்பதில் பலரும் தவறுகிறார்கள். யூடியூபைப் பார்த்துவிட்டு மைக்குக்குப் பின்னால் பஞ்சுத் தடுப்பு வைக்கிறார்கள். நாம் வாங்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை. முன்னால் வருவது நன்றாகக் கேட்கும், பின்னால் வருவது பாதி செவிடு. அப்படியானால் அதன் முகம் எதைப் பார்க்கிறது? உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மொட்டைச் சுவரையும். மெத்தை வேண்டியது அங்கேதான். ஒரு அங்குல ஃபோம் ஷீட்டைச் சதுரம் சதுரமாக ஒட்டுவதும் இப்படித்தான். 100 ஹெர்ட்ஸ் அலையின் கால்வாசி நீளமே 86 சென்டிமீட்டர், அதை ஒரு அங்குலம் என்ன செய்துவிடும்? ஃபோம் உயர்ந்த தொனியை மட்டும் தின்றுவிட்டு வீக்கத்தை அப்படியே விட்டுவிடும். அறை இன்னும் மந்தமாகக் கேட்கும். சுவரில் ஒட்டும் முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மைக்கைக் கிட்டே வைப்பதா, தள்ளி வைப்பதா? தூரத்தைப் பாதியாக்கினால் கிட்டாரின் நேர்ச்சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும், அறைச் சத்தம் அப்படியே இருக்கும். ஆகவே அறை மோசமென்றால் கிட்டே வாருங்கள். ரொம்பக் கிட்டே வந்தால் கார்டியாய்ட் மைக் கீழ்ச் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் காட்டும். ஒரு சாணுக்குக் குறைய வேண்டாம் என்பது என் பழக்கம்.

மைக் விலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் சொல்லும் ஒரு கதை உண்டு. 1982-ல் வந்த, அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்தை அவர் பதிவு செய்தது நியூஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில். டாஸ்காம் 144 என்ற நான்கு ட்ராக் கேசட் மெஷின், இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 மைக், அவ்வளவுதான். பின்னால் வாத்தியக்குழுவோடு ஸ்டுடியோவில் அதே பாட்டுகளை முயன்று பார்த்தார்கள், திருப்தி வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே இசைத்தட்டானது. எஸ்எம்57 டைனமிக் வகை. கிட்டே வைத்தால்தான் வேலை செய்யும், அதனாலேயே அறையை அதிகம் இழுக்காது. குரலுக்கும் கிட்டாருக்கும் மோசமான அறையில் நான் முதலில் சொல்வது அதைப் போன்ற மைக்கைத்தான். ஒரு குறை உண்டு. மெதுவாக விரலால் மீட்டினால் கெயினை (மைக் சத்தத்தைப் பெரிதாக்கும் திருகை) நிறையத் திருப்ப வேண்டிவரும், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் மலிவு இன்டர்ஃபேஸில் ‘ஸ்ஸ்’ கிளம்பும்.

கெயின் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு விளக்கு வரைக்கும் ஏற்றினால்தான் ‘பவர்’ வரும் என்ற எண்ணம் கேசட் காலத்து மிச்சம். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், மிகச் சத்தமான ஸ்ட்ரோக் மீட்டரில் மைனஸ் 10 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அளவு மீறித் தலை வெட்டுப்பட்ட அலையை ஒட்டவைக்க என்னிடம் மருந்து இல்லை.

இனி கையைப் பற்றி. பாடிக்கொண்டே வாசிப்பவருக்குக் குரல் உயரும்போது வலது கையும் உயரும். மேடையில் அது உணர்ச்சி, ஹெட்ஃபோனில் அது சண்டை. குரலும் கிட்டாரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஆண்குரலின் அடித்தளம் இருக்கும் இடத்தில்தான் கிட்டாரின் மூன்று தடித்த கம்பிகளும் இருக்கின்றன, 82 ஹெர்ட்ஸிலிருந்து 147 வரை. சி சுருதிப் பாட்டென்றால் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி சுருதிக் கார்டு வடிவங்களில் வாசித்துப் பாருங்கள். கிட்டார் மேலே ஏறிக்கொள்ளும், குரலுக்குக் கீழே இடம் கிடைக்கும். நான் ஈக்யூவில் (தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டி எடுக்கும் இடத்தை நீங்கள் வாசிக்காமலே விடலாம். பல்லவியில் ஆறு கம்பியையும் அடிப்பவர் சரணத்தில் மூன்றோடு நிறுத்தினாலே பாதி மிக்ஸிங் முடிந்தது. கேப்போவை இறுக்கினால் சுருதி லேசாக ஏறும், போட்டபிறகு ட்யூனரை மறுபடி பார்க்க வேண்டும்.

கம்பி பழசாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காதீர்கள், நம் ஊர் வியர்வைக்கு மூன்று வாரத்தில் மந்தமாகிவிடும். பதிவுக்கு முந்தைய நாள் மாற்றுங்கள், அதே நாள் மாற்றினால் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கிட்டார் செய்பவர்கள் கேட்பது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். கடற்கரை ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது எங்கே கிடைக்கும்? பலகை உப்பிக் கம்பி உயர்கிறது, அழுத்தும் ஸ்வரங்கள் சுருதி ஏறுகின்றன. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதை மழைக்காலம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

குரலையும் கிட்டாரையும் சேர்த்துப் பதிவதா, தனித்தனியாகவா என்று எப்போதும் கேட்கிறார்கள். தாளம் கட்டிய பாட்டென்றால் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துத் தனித்தனியாக. மூச்சோடு நீண்டு குறுகும் பாட்டென்றால் சேர்த்தே பதியுங்கள், பிரித்தால் அது செத்துவிடும். இதில் என்னோடு சண்டை போடும் சக இன்ஜினியர்கள் உண்டு.

மின்சாரம்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் ‘உம்ம்’ பல வீடுகளில் அங்கேயே போய்விடும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு வேண்டாம். ஃபேன் கண்டிப்பாக நிற்க வேண்டும். மே மாதத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகவே முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு அறைக்குள் போங்கள். பீரோக் கதவிடுக்கில் துணி சொருகுங்கள், கிட்டாரின் ‘E’ கம்பியைத் தட்டினால் பீரோவும் கூடப் பாடும்.

இரண்டு பக்கமும் கிட்டார் வேண்டுமென்றால் இரண்டு முறை வாசியுங்கள். ஒன்றையே காப்பி எடுத்து இடது வலது வைத்தால் அது அகலமாகாது, நடுவிலேயே இன்னும் சத்தமாக நிற்கும்.

ஃபைல்களை வேவ் (WAV) ஆக, எஃபெக்ட் எதுவும் போடாமல், எல்லாம் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்படி அனுப்புங்கள். கடைசி ஸ்ட்ரோக் அடித்ததும் கையை எடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டாதீர்கள். நாதம் முழுக்க அடங்கட்டும், அதன்பிறகும் பத்து நொடி நாற்காலி கிறீச்சிடாமல் அப்படியே உட்காருங்கள். அந்தப் பத்து நொடி வெறும் அறைச் சத்தத்தை வெட்டாமல் அனுப்புங்கள். நடுவில் ஒரு இருமலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்ட எனக்கு அது வேண்டும்.