சிறையிலிருந்து வெளியே வரும் நாள்

புதிதாகக் கைதாகி வரும் ஒவ்வொருவரிடமும் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியாக எப்போது போதைப்பொருள் எடுத்தீர்கள்?" அந்த நேரம் தெரிந்தால், அடுத்த மூன்று நான்கு நாள் அந்த உடம்பு என்ன பாடு படப்போகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம்போல) சிறையில் 11 ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். பெரும்பாலும் நைட் டூட்டி. இங்கே எழுதியிருப்பவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோர்ட் வாய்தாவுக்குப் போகவில்லை, அதனால் வாரண்ட், அதனால் கைது. அவருடைய சட்டைப் பையில் மருந்துக்கடை லேபிள் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டி. உள்ளே பூப்ரெனார்ஃபின், ஹெராயின் பழக்கத்துக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து. "எட்டு மாசமாக ஹெராயினைத் தொடவில்லை. இதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றார். அன்றைக்கு எங்கள் சிறையில் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது. அதுதான் விதி. பெட்டியை உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அதை அழித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் அவரைப் பார்த்தபோது சிமென்ட் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். உடம்பெல்லாம் புல்லரித்து, மூக்கு ஒழுகி, வாந்தி, வயிற்றுப்போக்கு. கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டிருந்தன. இதைத்தான் நாங்கள் வித்ட்ராவல் என்கிறோம். கைதிகள் 'டோப் சிக்' என்பார்கள். வயிற்றுப்போக்குக்கு ஒரு மாத்திரை, வலிக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, குடிக்க உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். 19ஆம் நாள் விடுதலையானார். அதற்கு மூன்றாம் நாள் இறந்துபோனார். அவரோடு ஒரே அறையில் இருந்து மறுபடி கைதாகி வந்த ஒருவர்தான் எனக்கு அதைச் சொன்னார்.

அந்தப் பெட்டி மேல் போட்ட கையெழுத்தை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

"சிறையில் அடைத்தால் போதை தானாக விட்டுப்போகும், அதுவும் நல்லதுதானே" என்று நம் ஊர்க்காரர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். நடப்பது வேறு. தினமும் ஓபியாய்டு, அதாவது ஹெராயின் வகையைச் சேர்ந்த பொருள், எடுக்கும் உடம்பு அந்த அளவைத் தாங்கப் பழகியிருக்கும். இரண்டு மூன்று வாரம் எதுவும் இல்லாமல் இருந்தால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்த முதல் நாள் பழைய அளவையே எடுப்பார். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். ஹெராயின் காலத்திலேயே இப்படித்தான். அதைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் வந்த பிறகு தப்பிக்கும் வாய்ப்பு இன்னும் குறைந்துவிட்டது.

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையான 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில், போதை மருந்து அதிகமாகி இறக்கும் ஆபத்து மற்றவர்களுக்கு இருப்பதைப்போல 129 மடங்கு. இந்த எண்ணை எங்கள் சிறையில் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

அந்த ஆய்வு நீண்ட தண்டனை அனுபவிக்கும் பெரிய சிறைகளைப் பற்றியது. நான் வேலை பார்ப்பது கவுண்டி சிறை. இந்த வேறுபாட்டை நம் ஊரில் மத்திய சிறை, கிளைச் சிறை என்று இருப்பதோடு ஏறக்குறைய ஒப்பிடலாம். விசாரணைக் கைதிகள், ஜாமீன் கட்டக் காசில்லாதவர்கள், சில மாதத் தண்டனை பெற்றவர்கள்தான் இங்கே. சராசரியாக ஒரு மாதம் இருப்பார்கள். பலர் இரண்டு மூன்று நாளில் போய்விடுவார்கள். ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை இந்தச் சிறைகளின் கதவு யாரையாவது உள்ளே வாங்குகிறது. எந்த டாக்டரையும் தேடிப் போகாத மனிதர்கள் எங்கள் கண்ணெதிரே வந்து உட்கார்கிறார்கள். சிகிச்சை தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள் மூன்று: மெத்தடோன், பூப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்சோன். முதல் இரண்டும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவைதான். மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் இவையும் உட்காரும். ஆனால் மெதுவாக, ஒரே சீராக. அதனால் உபாதை அடங்கும், தேட்டம் அடங்கும், மனிதர் எழுந்து வேலைக்குப் போவார். மூன்றாவது அந்த இடத்தை அடைத்துவிடும். அதைத் தொடங்க உடம்பில் ஓபியாய்டு முழுக்க நீங்கியிருக்க வேண்டும்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்பார்கள். சிறை அதிகாரிகளும் கேட்பார்கள், கைதியின் அம்மாவும் கேட்பார். நான் ஒன்றுதான் சொல்வேன். சர்க்கரை வியாதிக்காரர் கைதாகி வந்தால் இன்சுலினை நிறுத்த நமக்கு மனசு வருமா? கர்ப்பிணிகள் விஷயத்தில் சிறைகளுக்கு இது ஏற்கெனவே புரிந்திருந்தது. வித்ட்ராவல் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று கர்ப்பிணிக்கு மட்டும் மெத்தடோன் கொடுப்பார்கள். பிரசவம் முடிந்ததும் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள். பிள்ளைக்குத் தேவையான மருந்து, தாய்க்குத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

சரி, ஏன் எல்லாச் சிறைகளும் கொடுப்பதில்லை? 1,028 கவுண்டி சிறைகளில் 2022-23இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஏதாவது ஒரு மருந்தாவது கொடுத்தவை 43.8 சதவீதம். தேவைப்படும் எல்லோருக்கும் கொடுத்தவை 12.8 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் கர்ப்பிணிக்கு மட்டும், அல்லது வெளியே ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் என்று வரையறை வைத்திருந்தார்கள். கொடுக்காதவர்கள் அதிகம் சொன்ன காரணம், தகுதியான ஆள் இல்லை என்பது. சின்னக் கவுண்டிகளில் அது உண்மை. ராத்திரியில் ஒரு நர்ஸ்கூட இல்லாத சிறைகள் இருக்கின்றன. 2022 கடைசி வரை பூப்ரெனார்ஃபின் எழுதிக் கொடுக்க டாக்டர்களுக்குத் தனி அனுமதி வேறு வேண்டியிருந்தது. வலிக்கு ஓபியாய்டு மாத்திரை எழுத அப்படி எந்தத் தனி அனுமதியும் தேவைப்படவில்லை. அந்தச் சட்டத்தை எடுத்தது பெரிய நிம்மதி. மெத்தடோனுக்கு இன்னும் தனி உரிமம் பெற்ற கிளினிக்தான் வழி. பூட்டிய பெட்டியில் அங்கிருந்து கொண்டுவருவோம்.

அடுத்தது பணம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறைக்குள் போனவருக்குச் செலவு செய்யாது. தண்டனையே இன்னும் கிடைக்காத விசாரணைக் கைதிக்கும் அப்படித்தான். மருந்துச் செலவு முழுக்கக் கவுண்டியின் தலையில். 2023 ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு முதன்முதலாக ஒரு விலக்கு கிடைத்தது: விடுதலைக்கு முந்தைய 90 நாள்வரை சில சிகிச்சைகளுக்கு மெடிகெய்ட் பணம் தரும், வெளியே போகும்போது 30 நாள் மருந்தும் கையில் தரவேண்டும். அதன் பிறகு வேறு பல மாநிலங்களும் இதே வழியில் போகின்றன.

மூன்றாவது காரணம் பயம். மருந்தைப் பதுக்கி உள்ளேயே விற்பார்கள் என்ற பயம். நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். நடக்கும், பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் காலை வரிசை அப்படி இருக்கிறது. ஆறு மணிக்கு எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. எட்டுப் பேர், உள்ளங்கை மேலே தெரியத் தொடையில் கை வைத்து உட்கார்வார்கள். வாயை நனைக்க ஒரு வாய் தண்ணீர். ஆரஞ்சு நிறத்தில் தபால் தலையைவிடச் சின்னதாக ஒரு மெல்லிய தாள், அதை நாக்குக்கு அடியில் வைப்பேன். பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. பரீட்சை ஹால்போல இருக்கும். கரைந்ததும் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பேன். பல் கெடாமலிருக்க வாய் கொப்பளிக்கவேண்டும், பிறகு இரண்டு உப்பு பிஸ்கட். அடுத்த எட்டுப் பேர்.

பதுக்கியவர்களோடு பேசிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது வேறு. வாங்குகிறவர்களில் பலர் போதைக்காக வாங்கவில்லை. தங்கள் உபாதையைத் தீர்த்துக்கொள்ளத்தான். கேட்டால் கிடைக்கும் என்ற நிலை வந்தபோது அந்த வியாபாரம் எங்கள் சிறையில் நன்றாகவே குறைந்தது. ஆரம்பத்தில் இந்தத் திட்டத்தை வேண்டவே வேண்டாம் என்ற ஒரு காவலர், இப்போது புதிதாக வருகிறவர் வியர்த்து நடுங்குவதைப் பார்த்தால் அவரே என்னை வாக்கி-டாக்கியில் கூப்பிடுகிறார். "இவரை லிஸ்டில் போட்டாயிற்றா?" என்று. சண்டை குறைந்திருக்கிறது, ஆம்புலன்ஸ் கூப்பிடுவது குறைந்திருக்கிறது, வாந்தி கழுவும் வேலை குறைந்திருக்கிறது. காவலர்களை மாற்றியது ஆய்வுக் கட்டுரை இல்லை, இதெல்லாம்தான்.

ஆய்வும் அதையே சொல்கிறது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2016இல் தன் சிறைகள் முழுவதும் மூன்று மருந்தும் கிடைக்கச் செய்தது. 2016இன் முதல் ஆறு மாதத்தில், அண்மையில் சிறையிலிருந்து வெளிவந்து போதை மருந்து அதிகமாகி இறந்தவர்கள் 26 பேர். 2017இன் அதே ஆறு மாதத்தில் 9 பேர். மாசசூசெட்ஸில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கவுண்டிகள், ஃபிராங்க்லினும் ஹாம்ப்ஷயரும். ஃபிராங்க்லின் முதலிலேயே பூப்ரெனார்ஃபின் கொடுக்க ஆரம்பித்தது, ஹாம்ப்ஷயர் சில ஆண்டு கழித்துத்தான். மருந்து கிடைத்த கவுண்டியிலிருந்து வெளிவந்த ஓபியாய்டு பழக்கமுள்ளவர்களில் 48 சதவீதம் பேர் மறுபடி வழக்கில் சிக்கினார்கள், மற்றதில் 63 சதவீதம்.

நீதிமன்றமும் தள்ளியிருக்கிறது. மெய்ன் மாநிலத்து அரூஸ்டுக் கவுண்டியில் 40 நாள் தண்டனைக்குப் போகவேண்டிய ஒரு பெண், உள்ளே என் மருந்தை நிறுத்தக் கூடாது என்று வழக்குப் போட்டார். 2019இல் ஜெயித்தார், மேல்முறையீட்டிலும் அது நின்றது. 2022 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறையே வழிகாட்டுதல் வெளியிட்டது: டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்துவரும் மருந்தைப் பொதுவிதி என்று சொல்லிச் சிறை நிறுத்தினால், அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறுவதாகும். நான் கையெழுத்துப் போட்ட அந்த உறை இன்றைக்குச் சட்டவிரோதமாகலாம்.

இவ்வளவும் வந்த பிறகும் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று இருக்கிறது. விடுதலை நேரம். ஜாமீன் கட்டினாலோ நீதிபதி விட்டுவிட்டாலோ ராத்திரி பதினொன்றுக்கும் கதவு திறக்கும். பஸ் இருக்காது, மருந்துக்கடை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் திங்கள்வரை கிளினிக் கிடையாது. அதனால் இப்போது ஒருவர் உள்ளே வந்த நாளிலேயே, அவர் வெளியே போவதற்கான பையை நாங்கள் தயார் செய்துவிடுகிறோம். சில நாள் மருந்து, ஓபியாய்டு அதிகமாகி மூச்சு நின்றால் காப்பாற்ற மூக்கில் அடிக்கும் நலோக்சோன் ஸ்பிரே இரண்டு, கிளினிக் முகவரி. முடிந்தவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் பூப்ரெனார்ஃபின் ஊசி. வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டுவிட்டால் அந்த மாதம் முழுக்கக் கூடவே இருக்கும். எந்த ராத்திரி கதவு திறந்தாலும் கவலை இல்லை. விலைதான் ஒரு ஊசிக்கு 1,000 டாலருக்கு மேல். ஓபியாய்டு கம்பெனிகளிடமிருந்து வழக்குகளில் வாங்கிய இழப்பீட்டுப் பணம் மாநிலங்களுக்கும் கவுண்டிகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதை இதற்குச் செலவிடுங்கள் என்று கவுண்டிக் கூட்டங்களில் போய்க் கேட்கிறேன். நீங்களும் உங்கள் கவுண்டியில் கேட்கலாம், அந்தக் கூட்டங்கள் எல்லோருக்கும் பொதுவானவை.

இது நம் வீட்டுக்கு வராத விஷயம் என்று நினைக்கவேண்டாம். போன வருடம் ஒரு ராத்திரி வேறு மாநிலத்திலிருந்து ஒரு தமிழ் அம்மா போன் செய்தார். தோழி வழியாக என் நம்பர் கிடைத்திருக்கிறது. மகனுக்கு இருபத்து மூன்று வயது. முதுகு அடிபட்டபோது வலி மாத்திரையில் தொடங்கியது, பிறகு வேறெங்கோ போய், ஒரு வருடமாகப் பூப்ரெனார்ஃபினில் நன்றாக இருக்கிறான். பழைய வழக்கு ஒன்றில் அன்று மாலை கைது. "ஜெயில்ல மருந்து ஏதாவது சாப்பிடுறானான்னு கேட்டாங்க அக்கா. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றார். அவனும் உள்ளே வெட்கப்பட்டுச் சொல்லியிருக்க மாட்டான்.

"அம்மா, அழாதீங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து அது, அதுல குத்தம் ஒண்ணும் இல்ல. இப்பவே ஜெயிலுக்குப் போன் பண்ணி நர்ஸ் வேணும்னு கேளுங்க. மருந்தோட பேரு, எத்தன மில்லிகிராம், கடைசியா எப்ப வாங்கினது, எந்தக் கடை, எந்த டாக்டர். இது அஞ்சும் சொல்லுங்க. அவங்க கடைக்குப் போன் பண்ணி உறுதிப்படுத்திக்கணும், அதுக்குத்தான்" என்றேன். போனை வைக்காமலேயே எழுந்து போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, லேபிளில் இருந்ததை எனக்கு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது குரல் நடுங்கவில்லை.