குரோமிய மண்ணில் செடி நடும் முன்

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து மண் பரிசோதனைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது: "எந்தச் செடியை நட்டால் டேனரிக் (தோல் பதனிடும் ஆலை) கழிவை உறிஞ்சி எடுத்துவிடும்?" கடுகு, சூரியகாந்தி என்று வீடியோ பார்த்துவிட்டு நம்பிக்கையோடு வருகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராது. ஆனாலும் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ. அந்தக் கழிவிலிருந்து வந்த குரோமியம் என்ற உலோகம் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நிலத்தில் 1,000 கிலோ குரோமியம் கிடக்கிறது. வருடத்துக்கு 10 டன் காய்ந்த தழை வந்து, அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஏறினாலும் வெளியே போவது 1 கிலோதான். ஆயிரம் வருடம் ஆகும். அந்த 100 மில்லிகிராம் ஏறுவதும் அபூர்வம். குரோமியத்தில் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும். ஆர்செனிக்கை இலையில் குவிக்கும் பெரணி ஒன்றைப் பற்றி 2001-ல் ஃப்ளோரிடா ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நம் பயிர்களில் குரோமியத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

சரி, அப்புறம் செடி எதற்கு? உலோகத்தை இருக்கிற இடத்திலேயே கட்டிப்போட. மழைநீரோடு கிணற்றுக்கும் தூசியோடு வீட்டுக்கும் போகாமல் தடுத்தாலே பெரிய காரியம். அதற்கு வெட்டிவேர் நல்ல தேர்வு: ஆழமாக இறங்கும், டேனரி மண்ணின் உப்பையும் ஓரளவு தாங்கும்.

நாற்றின் வேருக்கு அடியில் வேர் உட்பூசணம் (வேருக்குள் வாழ்ந்து செடிக்கு உதவும் பூசணம்) வையுங்கள். உரக்கடையில் 'வேம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் நுண்ணிழைகள் உலோகத்தைத் தங்கள் செல்சுவரில் பிடித்துவைக்கும். வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) கொண்டுவந்து சேர்க்கும். கெட்ட மண்ணில் நாற்று பிழைப்பது பெரும்பாலும் இந்தத் துணையால்தான். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டால் பூசணம் வேரில் சரியாக ஏறாது. கடுகுக்கு வேம் போடுவதும் வீண் செலவு. அந்தக் குடும்பச் செடிகள் பொதுவாக இந்தப் பூசணத்தோடு சேர்வதில்லை. கூடவே மக்கிய தொழுவுரம் போடுங்கள். நீரில் எளிதாகக் கரைந்து ஓடும், நச்சு அதிகமான குரோமியம்-6, அவ்வளவாகக் கரையாத குரோமியம்-3 ஆக மாற அது உதவும்.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது இதற்குப் பிறகு நடப்பதுதான். நாம் குடிதண்ணீர்ப் பானையில் வெட்டிவேர் போடுகிறவர்கள். இந்த நிலத்தில் குரோமியம் சேர்ந்திருப்பது அந்த வேரில்தான். தயவுசெய்து அதைத் தோண்டி விற்காதீர்கள். தோண்டினால் கட்டிவைத்த உலோகமும் கலைந்துவிடும். தழையை ஆடு மாடுகளுக்குப் போட வேண்டாம். ஓரத்தில் இரண்டு பாத்தி கீரை போடும் ஆசையும் வேண்டாம்.

முதலில் பரிசோதனை. வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகள் இருக்கும், குரோமியம் இருக்காது. மொத்தக் குரோமியம், குரோமியம்-6 இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்.