நாட்டை விட்டுக் கிளம்புவதா? முதலில் தேதிகளைப் பாருங்கள்

ஒரு நாட்டில் பதினைந்து, இருபது வருடம் வாழ்ந்து வேர்விட்டவர்கள் என்னிடம் வந்து உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "போயிடலாமா, இல்ல இங்கயே இருந்துடலாமா?" குடியேற்றச் சட்ட ஆலோசனை என் தொழில். இந்தக் கேள்விக்கு அவர்களும் அவர்கள் வீட்டாரும்தான் பதில் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் வசிப்புரிமை, வரி, பிள்ளைகள், ஓய்வூதியம் என்று பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு இருக்கிறது. மனம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் சட்டம் தன் பாட்டுக்கு முடிவெடுத்துவிடுகிறது. வேண்டாம் என்று தெரிந்தே உரிமையை விட்டவர்களை விட, விட்டுப்போனது தெரியாமலே விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"இன்றோடு இந்த நாடு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு யாரும் விமானம் ஏறுவதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று மாத விடுப்பில் போகிறார்கள். நிறுவனம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதிக்கிறது. மூன்று ஆறாகிறது. பிள்ளைகளை அங்கேயே ஒரு பள்ளியில் "சும்மா ஒரு வருஷம்" சேர்க்கிறார்கள். இங்கே வீடு வாடகைக்குப் போகிறது. எந்த நாளிலும் முடிவு எடுக்கவில்லை, ஆனால் குடித்தனம் மாறிவிட்டது. பிறகு ஒருநாள் விமான நிலையத்தில் அதிகாரி கேட்கிறார்: "எவ்வளவு நாளாக வெளியே இருந்தீர்கள்?"

நிரந்தர வசிப்புரிமை என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அந்த 'நிரந்தர'த்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஓர் எல்லை உண்டு. பிரிட்டனில் காலவரையற்ற வசிப்பு அனுமதி பெற்றவர் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அது தானாகவே காலாவதியாகிவிடும். கனடாவில் 5 ஆண்டு காலத்துக்குள் 730 நாட்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும்; நாட்கள் விட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை. அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர், மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டால், அந்தக் கார்டைக் காட்டி மட்டும் உள்ளே வர முடியாது. அந்த அனுமதி அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அதற்கான ஐ-131 விண்ணப்பத்தை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே போட வேண்டும். வெளியே போன பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. ஜெர்மனியின் நிரந்தர அனுமதி பொதுவாக 6 மாதத்திலேயே காலாவதியாகிவிடும், நீண்ட காலம் சட்டப்படி வாழ்ந்து சொந்த வருமானம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூர் பி.ஆர். (நிரந்தர வசிப்பாளர்) என்றால் செல்லத்தக்க மறுநுழைவு அனுமதி கையில் இல்லாமல் வெளியே இருக்கவே கூடாது.

இந்தக் கெடுவுக்குள் திரும்பிவிடுவதே போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓராண்டுக்குக் குறைவாக வெளியே இருந்தவரிடமும் "உங்கள் குடும்பம், வேலை எல்லாம் எங்கே?" என்று கேட்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுப் போனால் கார்டு பத்திரம் என்ற நம்பிக்கை நம்மவர்களிடையே வெகுவாகப் பரவியிருக்கிறது. அது தவறு. நீங்கள் உண்மையில் எங்கே வாழ்கிறீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் சந்திப்பிலேயே எல்லாரையும் ஒரு வேலை செய்யச் சொல்வேன். பழைய, புதிய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். வெளியே போன தேதி, திரும்பி வந்த தேதி, இடைப்பட்ட நாட்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தானியங்கி வாயில் வழியாக வந்த பயணங்களுக்கு முத்திரையே இருக்காது. சில முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மங்கியிருக்கும். அப்போது பழைய மின்னஞ்சலில் டிக்கெட்டைத் தேட வேண்டியிருக்கும், கிரெடிட் கார்டு பில்லைப் பார்க்க வேண்டியிருக்கும். பாதி எழுதி முடிக்கும்போதே முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். "போன வருஷம் மொத்தமே ரெண்டு மாசம்தான் வெளிய இருந்தேன்" என்று உறுதியாகச் சொன்ன ஒருவரின் தாளில், கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதத்தைத் தாண்டியிருந்தது. பெற்றோருக்கு உடம்பு முடியாத காலத்தில் நாட்கள் போவது யாருக்கும் தெரிவதில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுத வேண்டியது அந்தத் தாளில் உள்ள எண்ணைத்தான்.

இந்தத் தாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். வசிப்புரிமை போவதற்கு வெகு முன்பே குடியுரிமை கேட்கும் தகுதி போய்விடுகிறது. பிரிட்டனில் ஐந்து ஆண்டுக் கணக்கில் விண்ணப்பிப்பவர் அந்தக் காலத்தில் பொதுவாக 450 நாட்களுக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாட்களுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. கனடாவில் 5 ஆண்டில் 1,095 நாட்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஐந்து ஆண்டில் பாதிக்காவது, அதாவது 30 மாதம், அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்தைத் தாண்டினாலே தொடர் வசிப்பு பற்றிய கேள்வி எழும். குடியுரிமை கையில் இருந்தால் எத்தனை வருடம் வெளியே இருந்தாலும் திரும்பி வரலாம். ஆகவே, இன்னும் எட்டு மாதம் பொறுத்தால் விண்ணப்பிக்கலாம் என்ற நிலையில் இருப்பவர் அது தெரியாமல் கிளம்பினால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை.

குடியுரிமைக்கும் விலை உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நாளோடு இந்தியக் குடியுரிமை போகும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையில் வந்து வாழலாம், வேலை பார்க்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. திரும்பிப் போய்த் தோட்டம் போட்டு வாழலாம் என்று கனவு காண்கிறவர்கள் இதைக் கையெழுத்துக்கு முன் யோசிக்க வேண்டும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் தன் பக்கத்தில் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் அதற்காக மாறிவிடவில்லை.

வரியைப் பற்றி. "183 நாளுக்குக் கீழே இருந்தா வரி கிடையாது" என்ற வாசகத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்! ஓராண்டில் எத்தனை நாள் தங்கினால் வரி என்பதற்கு அந்த எண் பல நாடுகளில் ஓர் அளவுகோல், அவ்வளவுதான். பிரிட்டனில் அண்மைக் காலம் வரை வரிக்கு உட்பட்டு வாழ்ந்தவர், அங்கே வீடும் குடும்பமும் வேலையும் தொடர்ந்தால், ஆண்டுக்கு 16 நாள் தங்கினாலே உள்நாட்டவராகக் கருதப்படக்கூடும். கனடா நாட்களை எண்ணுவதற்கு முன் வீடு, துணைவர், சார்ந்திருப்போர் எங்கே என்று பார்க்கிறது. மேலும், வரிக் கணக்கில் வெளியேறும் நாளில், பங்கு போன்ற பல சொத்துகளை அன்றே விற்றுவிட்டதாகக் கணக்கிட்டு ஆதாயத்துக்கு வரி கேட்கிறது. அமெரிக்கா தன் குடிமக்களிடமும் கிரீன் கார்டுக்காரர்களிடமும் அவர்கள் எங்கே வாழ்ந்தாலும் கணக்கு கேட்கும். கார்டின் தேதி முடிந்தாலும் கடமை முடியாது. பொதுவாக ஐ-407 படிவம் மூலம் முறையாகத் திருப்பிக் கொடுத்தால்தான் முடியும். அப்படிக் கொடுப்பவர் கடந்த 15 வரி ஆண்டுகளில் 8 ஆண்டு அந்தக் கார்டை வைத்திருந்தால், வெளியேறும் வரி விதிகள் அவரைத் தொடலாம். எட்டாவது ஆண்டு தொடங்குவதற்கு முன்பா பின்பா என்பது சிலருக்குப் பெரிய தொகை.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வசிப்புரிமையைக் காப்பாற்ற "என் வீடு இங்கேதான், நான் தற்காலிகமாகத்தான் வெளியே இருக்கிறேன்" என்று காட்ட வேண்டும். வரியைக் குறைக்க "எனக்கு இங்கே ஒன்றுமில்லை" என்று காட்ட வேண்டும். ஓர் அலுவலகத்தில் ஒன்றும் இன்னோர் அலுவலகத்தில் வேறொன்றும் சொல்ல முடியாது. வரிப் படிவத்தில் தன்னை வெளிநாட்டில் வசிப்பவர் என்று குறித்த கிரீன் கார்டுக்காரரிடம், அதையே காட்டி "நீங்களே விட்டுவிட்டீர்களே" என்று கேட்க முடியும். வரி ஆலோசகரும் குடியேற்ற ஆலோசகரும் ஒரே நேரத்தில் உங்கள் காகிதங்களைப் பார்க்கட்டும். தனித்தனியாக நல்ல ஆலோசனை வாங்கி, சேர்த்துப் பார்த்தால் கெடுதலாக முடிந்த கதைகள் நிறைய.

ஓய்வூதியத்தில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச ஆண்டுகள். பிரிட்டனின் புதிய அரசு ஓய்வூதியத்துக்கு 10 தகுதி ஆண்டுகளாவது வேண்டும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு 40 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ பத்து ஆண்டு வேலை. ஒன்பதரை ஆண்டில் கிளம்பும் முன் இதைக் கேளுங்கள். பிரிட்டன் ஓய்வூதியத்தை இந்தியா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழ்ந்து வாங்கினால் அது ஆண்டுதோறும் உயராது. முதலில் கிடைத்த தொகையே கடைசி வரை.

மருத்துவக் காப்பீடு: போகிற நாட்டில் புதிய பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். கிளம்பும் தேதிக்கு முன்பே அதைத் தொடங்க முடியுமா என்று விசாரியுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குப் போக வேண்டும், மற்றவருக்கு இருக்க வேண்டும். என் முன் உட்கார்ந்திருக்கும் தம்பதிகளில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார். மற்றவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருப்பார். நான் அந்த மற்றவரிடம்தான் முதலில் கேட்பேன்: "உங்களுக்கு என்ன தோணுது?" பல நேரம் அந்த வீட்டில் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டிருக்காது. "அவர் சொன்னா சரி" என்பது சம்மதம் ஆகாது. துணைவர் விசாவில் இருப்பவருக்கு, வேலை பார்ப்பவர் கிளம்பினால் தன் வசிப்புரிமையே ஆடிப்போகும். தனக்கென்று ஓர் உரிமை இருக்கிறதா என்று அவர் தனியாகத் தெரிந்துகொள்வது அவசியம். தேவைப்பட்டால் தனி ஆலோசகரிடம் போகட்டும்.

பிள்ளைகள் இருக்கும்போது இது இன்னும் தீவிரமாகிறது. "லீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அழைத்துப் போய், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். கோபத்திலோ பயத்திலோ செய்வதுதான். ஆனால் 1980-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. காவல் உரிமை உள்ள பெற்றோரின் சம்மதமின்றி வழக்கமாக வாழும் நாட்டிலிருந்து அகற்றப்பட்ட, அல்லது திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்ளப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்வது அதன் நோக்கம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் நீதிமன்றம், குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, திருப்பி அனுப்பவே உத்தரவிடும். இந்தியா அதில் சேரவில்லை. அதனால் பிரச்சினை இல்லை என்று பொருளல்ல. திரும்பி அந்த நாட்டில் கால் வைக்கும்போது குற்ற வழக்கு காத்திருக்கலாம், இரு நாட்டு நீதிமன்றங்களுக்கிடையே பிள்ளை வருடக்கணக்கில் அல்லாடலாம். வீட்டில் வன்முறை நடந்து தப்பிப் போக வேண்டிய நிலை என்றால், விமானம் ஏறும் முன் ஒரு குடும்ப வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதற்கான சட்டப் பாதுகாப்பு வாழும் நாட்டிலேயே உண்டு. மற்றபடி, ஓராண்டு போய்ப் பார்க்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டால் அதை எழுதி வையுங்கள்: எந்தத் தேதிக்குள் திரும்புவது, ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது. கணவன் மனைவிக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம்.

வயது வந்த பிள்ளைகளுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை வெளிநாட்டில் படித்துவிட்டு பிரிட்டனில் பல்கலைக்கழகம் போனால், உள்நாட்டுக் கட்டணம் தானாகக் கிடைக்காது. பொதுவாகப் படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டு பிரிட்டனில் வாழ்ந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருக்கிறதே என்று நம்பியிருந்த பெற்றோர் இதைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள்.

போன பின் மனம் ஒட்டாமல் போவதும் நடக்கும். சொந்த நாடு திரும்பியவர்களுக்கு இரண்டாவது முறையாக ஒரு கலாச்சார அதிர்ச்சி வரும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்களான கல்லாஹார்ன் தம்பதியர் 1963-லேயே எழுதினார்கள். நீங்கள் மனசில் வைத்திருக்கும் நாடு நீங்கள் கிளம்பிய வருடத்து நாடு. ஆகவே, திரும்பும் உரிமை உயிரோடு இருக்கும்போதே போய்ச் சில மாதம் வாழ்ந்து பாருங்கள். விடுமுறைக்குப் போவது போல் விருந்து சாப்பிட்டுவிட்டு வருவது வேண்டாம். வேலை பார்த்து, பில் கட்டி, ஒரு மழைக்காலமோ வெயில்காலமோ முழுக்க இருந்து பாருங்கள். வீட்டை அதற்குள் விற்காதீர்கள்.

ஏற்கெனவே கெடுவைத் தாண்டி வெளியே இருப்பவர்கள் சிலரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உடனே டிக்கெட் போட்டு வாயிலில் போய் நின்று, அதிகாரி நீட்டும் காகிதத்தில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் உரிமையைத் துறக்கும் படிவத்தில் கையெழுத்திடக் கட்டாயம் இல்லை. விஷயத்தை முறையான விசாரணைக்கு அனுப்பும்படி கேட்கலாம். உங்கள் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் திரும்ப முடியாமல் போன கிரீன் கார்டுக்காரருக்கு அமெரிக்கத் தூதரகத்தில் எஸ்.பி.-1 என்ற மீள்வசிப்பாளர் விசா இருக்கிறது. பிரிட்டனில் வலுவான தொடர்பைக் காட்டக்கூடியவர் மீள்வசிப்பாளராக விண்ணப்பிக்கலாம். கனடாவில் நாட்கள் குறைந்திருந்தாலும் மனிதாபிமானக் காரணங்களைக் கருத்தில் கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அங்கே அதிகாரி முடிவு செய்யும்வரை உங்கள் உரிமை தானாகப் போவதில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆவணம் வேண்டும். அப்பாவின் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவர் கடிதம், ரத்தான விமான டிக்கெட், இறப்புச் சான்றிதழ் என்று எது கையில் இருந்தாலும் தேதிவாரியாக அடுக்கி, பயணத்துக்கு முன்பே ஓர் ஆலோசகரிடம் காட்டுங்கள்.